நகாசுக் கந்தை

கந்தை என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் மதிப்போடு வழங்குவதில்லை. உடுத்திக் கிழிந்து, இனி உதவாது என்று மூலையில் போடப்பட்ட துணி கந்தை. அதை உடுத்துகிறவன் ஏழை. அதைப் பொறுக்கித் திரிகிறவன் அவனினும் ஏழை. கந்தையேயானாலும் கசக்கிக் கட்ட வேண்டும் என்று முன்னோர் நமக்குச் சொல்லி வைத்ததிலுங்கூட, கந்தை ஒரு குறை, தூய்மை அதற்கொரு பரிகாரம் என்னும் எண்ணமே தொனிக்கிறது. வடமொழியில் ‘கந்தா’ என வழங்கும் சொல்லே தமிழில் கந்தை ஆயிற்று என்பர். அதே சொல் வங்காளத்தில் ‘காந்தா’ என உருக்கொண்டு, வேறொரு வாழ்வு பெற்றிருக்கிறது. அங்கே அது கிழிந்த துணியை மட்டும் குறிப்பதன்று. கிழிந்த துணிகளை அடுக்கி, ஊசியால் இணைத்து, மேலே பூத்தையல் இட்டு உண்டாக்கிய போர்வையையும் விரிப்பையும் குறிப்பது. அதற்கு ‘நக்ஷி’ என்றோர் அடைமொழியும் சேர்ந்தது. நக்ஷ் என்பது அரபுச் சொல். பொறித்தல், சித்திரித்தல் என்பது பொருள். நக்ஷபந்தி தரீக்காவின் பெயரில் நாம் காண்பதும், தட்டாரும் தச்சரும் ‘நகாசு வேலை’ என்னும்போது நம் காதில் விழுவதும் அச்சொல்லின் வழிவந்தவையே. ஆகவே ‘நக்ஷி காந்தா’ என்னும் வங்கப் பெயரை நாம் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை. நகாசுக் கந்தை என்றால் போதும். இரு சொற்களும் ஏற்கெனவே நம் வீட்டில் இருப்பவைதாம்.

ஆயினும் அவ்விரு சொற்களும் அருகருகே நிற்பது முரணாகத் தோன்றக்கூடும். கந்தைக்கு எதற்காக நகாசு? குளிருக்குப் போர்த்தவோ, குழந்தையைக் கிடத்தவோ துணி நின்றால் போதாதா? கிழிசலை இணைக்கும் அளவுக்குத் தைத்த பிறகு மேலும் ஆறு மாதம் அதன்மேல் தாமரையும் கொடியும் வரைந்துகொண்டிருப்பது வீண்செலவு, அதாவது இஸ்ராஃப், ஆகாதா? செலவு பணத்தால் மட்டுமா ஆகிறது? ஆயுளும் அல்லாஹ் தந்த அமானிதமாயிற்றே. இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. இதற்கு விடை தேடப் புகும்போது, நாம் எதிர்பாராத வேறொரு கேள்வியும் வந்து வழிமறிக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

நகாசுக் கந்தை உருவாகும் விதத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதற்குப் புதுத்துணி ஆகாது. புதுத்துணி விறைப்பானது, ஊசிக்கும் எளிதில் இணங்காது, பச்சிளம் மேனிக்கும் இதமாயிராது. ஆண்டுக்கணக்கில் உடுத்தித் துவைத்து, நைந்து, பஞ்சுபோல் மென்மையுற்ற பருத்திச் சேலைகளும், கைலிகளும், வேட்டிகளுமே வேண்டும். அவற்றில் மூன்று நான்கையோ, குளிர்காலப் போர்வையானால் அதற்கும் மேலோ, ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரிப்பார்கள். வீட்டுப் பெண்களும் அண்டை வீட்டாரும் நாற்புறமும் அமர்ந்து, துணியை இழுத்துப் பிடித்து, உள்ளங்கையால் நீவி, சுருக்கமெல்லாம் போக்குவார்கள். ஒரு சுருக்கம் உள்ளே சிக்கிவிட்டால் அது அந்தப் போர்வையின் ஆயுள் முழுதும் உறுத்திக்கொண்டேயிருக்கும். பிறகு நீண்ட தையல்களால் அடுக்குகளை இழையோட்டிக் கட்டுவார்கள். அதன்பின்னரே அது மடியில் வைத்துத் தைக்கும் பக்குவத்துக்கு வரும்.

நூலும் கடைச்சரக்கன்று. பழஞ்சேலையின் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கருப்புமான இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். தையலோ மிகமிக எளியது: குழந்தைகளுக்கு முதலில் கற்றுத் தரும் ஓடுதையல்தான். ஊசி உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அவ்வளவே. இந்த ஒரே தையலை நெருக்கியும் விலக்கியும் வளைத்தும் இட்டு, நடுவில் தாமரையும், நான்கு மூலைகளில் மரமும் கொடியும், இடையில் மீனும் தோணியும் பல்லக்கும் எழுப்பிவிடுகிறார்கள். சித்திரம் இல்லாத வெற்றிடத்தையும் வெள்ளை நூலால் தைத்து நிரப்புவதால் துணியின் மேற்பரப்பு காற்றுப்பட்ட குளத்து நீர்போல் சிறு சிறு அலைகளாக மடிந்து நிற்கும். அந்த அலை அழகுக்காக மட்டும் உண்டானதன்று. நைந்த துணியைச் சிதையாமல் பிடித்து வைத்திருப்பது அந்த நெருக்கமான தையலே. வலுவும் வனப்பும் அங்கே ஒரே ஊசிமுனையில் பிறக்கின்றன.

இவற்றில் எத்தனை வகை! குளிருக்குப் போர்த்தும் ‘லேப்’ ஒன்று. விருந்தினர் அமர விரிக்கும் ‘சுஜ்னி’ ஒன்று. கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைக்கும் ‘ஆர்ஷிலதா’ ஒன்று. நூல்களையும் அருமைப் பொருள்களையும் பொதிந்து வைக்கும் ‘பய்தன்’ ஒன்று. நாம் சுஃப்ரா விரிப்பதுபோல் அவர்கள் விரிக்கும் ‘தஸ்தர்கான்’ ஒன்று. முஸ்லிம் வீடுகளில் மிஹ்ராபும் மினாராவும் தைத்த முஸல்லாவும், திருக்குர்ஆனைப் பொதியும் உறையும் உண்டு. பிறந்த குழந்தையைப் பழஞ்சேலைக் காந்தாவில் ஏந்துவது அங்கே இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி இரு சாரார் வீட்டிலும் உள்ள வழக்கம். தாயின் பழைய சேலையில் தொட்டில் கட்டி வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஐவேளை தொழுகைக்கு அல்லாஹ்வின் முன் நிற்கும் இடத்தில் ஒரு பெண் தன் கந்தையை விரிக்கத் துணிகிறாளென்றால், அவள் அதைக் கந்தையென்று எண்ணவில்லை என்பது தெளிவு.

இனி, இஸ்ராஃப் ஆகுமா என்னும் வினாவுக்கு வருவோம்.

ஒட்டுப்போட்ட ஆடை நம் மார்க்க வரலாற்றில் இழிவுக்குரியதாக இருந்ததேயில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது தம் செருப்பைத் தாமே செப்பனிட்டு, தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்னும் செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நாம் பெற்றிருக்கிறோம். பாரசீகமும் சிரியாவும் தம் ஆட்சிக்குட்பட்ட நாளில் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மேலாடையில் ஒட்டுகள் இருந்தன. ஊசியால் முதன்முதல் தைத்தவர் இத்ரீஸ் (அலை) அவர்களே என்றொரு செய்தியையும் தஃப்சீர் நூல்கள் சொல்கின்றன. இவற்றை நாம் மேடைகளில் எளிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியவையே. ஆனால் இவற்றில் இன்னொன்றும் இருக்கிறது: இவையனைத்திலும் ஊசி பிடித்தவர்கள் ஆண்கள்! ‘பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்றுக் கொடுங்கள்’ என்று ஓயாமல் அறிவுரை கூறுகிற நம்மவர், ஆண்பிள்ளை ஒருவன் அறுந்த சட்டைப் பொத்தானை உம்மாவிடம் நீட்டுவதைக் கண்டு வாளாவிருப்பது எந்த சுன்னத்தைச் சேர்ந்ததோ, நாம் அறியோம்.

ஒட்டுத்துணி அழகாகவும் இருக்கலாமா என்னும் கேள்வியை ஸூஃபிகளே எழுப்பியிருக்கிறார்கள். லாகூரில் அடங்கியிருக்கும், தாதா கஞ்ச் பக்ஷ் என்று மக்கள் போற்றும் ஹுஜ்வீரீ (ரஹ்) அவர்கள் பதினோராம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் இயற்றிய ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ என்னும் நூலில், ‘முரக்கஆ’ எனப்படும் ஒட்டுடையைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. அதில் அவர்கள் இரு சாராரின் கருத்தை எடுத்துரைக்கிறார்கள். ஒட்டுப்போடுவதில் ஒழுங்கு பார்க்கலாகாது, ஊசி எங்கே தலைநீட்டுகிறதோ அங்கே இழுத்துத் தைத்துவிட்டுப் போக வேண்டும், அதில் சிரமம் எடுத்துக்கொள்வது தகாது என்பர் ஒரு சாரார். தையல் நேராகவும் சீராகவும் இருக்க வேண்டும், அதில் ஒழுங்கும் உழைப்பும் காட்டுவதே தர்வேஷ்களின் நடைமுறை என்பர் மறுசாரார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெரியோர்கள் ஒரு கந்தையின் தையல் வரிசையைப் பற்றி இத்துணை அக்கறையோடு கருத்து வேறுபட்டிருக்கிறார்கள் என்பதே வியப்பாக இருக்கிறது. ஊர்ப்புகழுக்காக ஒட்டுடை அணிந்து திரிகிறவர்களை அதே அத்தியாயம் கடிந்துரைப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அத்தகையோர் எல்லாக் காலத்திலும் உண்டு போலும்.

நாம் அந்த இரண்டாம் சாராரின் பக்கமே நிற்கிறோம். அவசரத்தில் இழுத்துத் தைத்த கந்தை, ‘நான் இதைவிட நல்லதற்கு உரியவன்’ என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். சீராகத் தைத்த கந்தையிலோ அந்த முறையீடு இல்லை. இருப்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு உரிய மரியாதையைச் செய்து முடித்த கை அதில் தெரிகிறது. வீண் என்பது ஒரு பொருளுக்குச் செய்த உழைப்பின் அளவைப் பொறுத்ததன்று. நூற்று முறுக்கேற்றிய நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணொருத்தியை ‘நஹ்ல்’ அத்தியாயம் உவமையாகக் காட்டுகிறது. அங்கே பழிக்கப்பட்டது அவள் நூற்ற உழைப்பன்று. அதைக் குலைத்த செயல். உடுத்திக் குலைந்துபோன துணியை இழையிழையாகப் பிடித்து மீண்டும் ஒன்றாக்குகிறவள் அவளுக்கு நேர் எதிரில் அமர்ந்திருக்கிறாள்.

அந்த வேலையில் உண்டாகும் இன்பத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஓடுதையல் அறிவை ஆட்கொள்ளும் வேலையன்று. கை தன்போக்கில் போய்க்கொண்டிருக்கும். நாவும் நெஞ்சும் விடுதலையாய் இருக்கும். அதனாற்றான் அது சேர்ந்திருந்து செய்வதற்கு ஏற்ற வேலையாயிற்று. மழைக்காலத்தில், வயல்வேலை ஓய்ந்து, முற்றமெல்லாம் நீர் நிற்கும் நாள்களில், வங்கப் பெண்கள் மதியச் சமையல் முடிந்தபின் காந்தாவை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். பேச்சும் பாட்டும் தஸ்பீஹும் அதனோடு நடந்தன. தையலே திக்ரு என்று சொல்லிவிட நாம் துணிய மாட்டோம்; இபாதத்துக்கு உரிய பெயரை எதற்கும் வாரி வழங்குவது இந்நாளில் ஒரு நோயாகப் பரவி வருகிறது. ஆனால் திக்ருக்கு இடங்கொடுக்கும் வேலை, இடங்கொடாத வேலை என்று இரண்டு உண்டு என்பதை உழைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். பகல் முழுதும் மற்றவர்கள் பசிக்கும் கூப்பாட்டுக்கும் ஈடுகொடுத்து ஓடியவளுக்கு, ‘இது நான் தொடங்கியது, இன்று இவ்வளவு வளர்ந்தது’ என்று கண்ணால் காணத்தக்க ஒன்று வீட்டில் வேறென்ன இருக்கிறது? சமைத்தது உண்ணப்பட்டுவிடுகிறது, பெருக்கிய தரை மறுபடி குப்பையாகிறது. தைத்த அந்த ஒரு சாண் துணி மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, அது பேச்சாகவும் இருந்தது. அரபியில் ஒட்டுத்துணிக்கும் எழுதியனுப்பும் சிறு கடிதத்துக்கும் ‘ருக்ஆ’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட பெண்களுக்குத் துணியே தாளாயிற்று. 1929 ஆம் ஆண்டில் கவிஞர் ஜஸீமுத்தீன் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைக் கவிதையை வங்காளத்தில் அறியாதார் இலர். ரூபாய் என்னும் உழவனும் சாஜு என்னும் பெண்ணும் மணந்து வாழ்கையில், நிலத்தகராறில் நேர்ந்த கலவரத்தால் அவன் தலைமறைவாகிறான். அவள் காத்திருந்து, தங்கள் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து முடித்து, தன் கப்ரின் மேல் அதை விரிக்குமாறு தாயிடம் சொல்லி மறைகிறாள். பிற்காலத்தில் அந்தக் கப்ரின் அருகே, அதே காந்தாவைப் போர்த்தியபடி ஒருவன் இறந்துகிடக்கிறான். கதைதான், ஆனால் அவ்வூர்ப் பெண்கள் கையில் உண்மையாகவே இருந்த வழக்கத்தின் மேல் எழுந்த கதை. கல்கத்தாவின் தென்புறத்தே உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்கெனத் தைத்த காந்தா ஒன்று இருக்கிறது. அதில் அவள் தன் பெயரையும், யாருக்காகத் தைத்தாள் என்பதையும் எழுத்தாகவே தைத்து வைத்திருக்கிறாள். இவ்வாறு பெயர் பொறித்தவை சிலவே.

இதுவரை நாம் சொன்னவையெல்லாம், மகனுக்கும் மருமகனுக்கும் பேரக் குழந்தைக்கும் விலை பேசாமல் தைத்த காந்தாக்களைப் பற்றியவை. இனி, நம்மை வழிமறித்த அந்த இன்னொரு கேள்வி.

வங்காளம் 1947இல் பிரிந்தது. 1971இல் வங்காள தேசத்தின் விடுதலைப் போர் நடந்தது. போரின் இறுதியில் கணவனை இழந்தோரும், வீட்டை இழந்தோரும், தம் மக்களாலேயே ஏற்கப்படாமல் நின்றோருமாகப் பல்லாயிரம் பெண்கள் பிழைப்புக்கு வழியின்றித் தவித்தார்கள். அவர்களுக்குக் கைவந்த தொழில் தையல் ஒன்றே. தொண்டு நிறுவனங்கள் அவர்களை ஒன்றுகூட்டி, நகாசுக் கந்தையை விற்பனைக்குரிய பொருளாக்கின. பிராக் நிறுவனத்தின் ‘ஆரோங்’ கடை 1978இல் தொடங்கியது. சுரையா ரஹ்மான் என்னும் ஓவியர் வடிவம் வரைந்து கொடுக்க, ஏழைப் பெண்கள் பலர் அதைத் தைத்து, பெருஞ்சுவர்களில் தொங்கவிடும் அளவுக்குச் சித்திரக் காந்தாக்களை உருவாக்கினார்கள். பழைய சேலை போய்ப் புதுத்துணியும் பட்டும் வந்தன; கரையிலிருந்து உருவிய இழை போய்க் கடைநூல் வந்தது; தைப்பவளே வரைந்த நிலை போய், ஒருவர் வரைய மற்றவர் தைக்கும் நிலை வந்தது.

இதனால் கலை கெட்டது என்று வருந்துவோர் உண்டு. அவர்களுடைய வருத்தத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், தன் பிள்ளைக்குச் சோறிடவும் பள்ளிக்கு அனுப்பவும் அந்த ஊசியால் ஒருத்தி வழி கண்டாளென்றால், ‘நீ பாசத்துக்குத் தைத்தபோதுதான் அழகாயிருந்தது’ என்று வயிறு நிறைந்த நாம் அவளிடம் போய்ச் சொல்வது அழகன்று. நம் மனத்தை உறுத்துவது வேறு. பாசத்தால் செய்த வேலை என்னும் புகழுரையே அவளுடைய கூலியைக் குறைக்கும் தந்திரமாகவும் மாறிவிடுகிறது. ‘இவ்வளவு விலையா? வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் தைத்ததுதானே?’ என்று கேட்கிறவர் யார்? வாங்குகிறவர்தாம். தைத்தவள் ஒருபோதும் அப்படிச் சொல்வதில்லை. அவளுக்குச் சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று இருந்ததேயில்லை.

இது எங்கோ வங்காளத்தில் நடக்கும் கதை என்று நம் வாசகர்கள் எண்ணிவிட வேண்டா. மேலப்பாளையத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மார்களும், ஆம்பூர்ப் பகுதியில் செருப்பின் மேல்தோலை வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுக்கும் சகோதரிகளும் நம்மவர்களே. எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது கணக்கிலேயே வராது. விளக்கு அவளுடையது, இடம் அவளுடையது, கண்ணும் அவளுடையது. வீட்டிலிருந்து உழைப்போருக்கும் தொழிலாளர் என்னும் தகுதி உண்டு என்று வலியுறுத்தி, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை இயற்றியது. அதற்கு முறைப்படி ஒப்புதல் அளித்த நாடுகளைக் கைவிரல், கால்விரல்களைக் கொண்டே எண்ணி முடித்துவிடலாம்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் மௌனமாயில்லை. கூலி இன்னதென்று தெரியாத ஒப்பந்தம் செல்லாது என்பது பொதுவிதி. நம் கடற்கரை ஊர் மதரஸாக்களில் ஓதப்பெறும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், தையற்காரரைக் கொண்டே ஒரு மஸ்அலா வருகிறது. ஒருவர் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார், கூலியைப் பற்றி இருவரும் பேசவில்லை, தையற்காரர் தைத்துவிட்டார். கூலி உண்டா? இல்லை என்பது முதற்கூற்று. உண்டு என்பது மற்றொன்று. அவர் கூலிக்குத் தைப்பவர் என்று அறியப்பட்டவராயின் உண்டு, இன்றேல் இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றாவதை நல்லதெனக் கொள்வதும் உண்டு என்று இமாமவர்கள் குறிப்பிடுகிறார்கள். கூலியைப் பேசாமல் விட்டால் உழைத்தவருக்கு எத்துணைப் பெரிய இழப்பு நேரக்கூடும் என்பதை அந்த முதற்கூற்றே நமக்கு உணர்த்துகிறது. பெண்கள் விஷயத்தில் நாம் செய்வது என்ன? பேசாமல் விடுகிறோம். ‘நமக்குள்ளே என்ன?’ என்கிறோம். அண்டை வீட்டுப் பெண்ணிடம் மகளின் திருமணத் தாவணிக்கு ஜரிகை வேலை செய்து வாங்கிக்கொண்டு, கையில் கிடைத்ததைத் திணித்துவிட்டு, உறவின் பெயரால் அவள் வாயை அடைத்துவிடுகிறோம். வியர்வை உலருமுன் கூலி என்னும் நபிமொழியை மேடையில் முழங்காத வக்கீலும் வணிகரும் நம்மில் உண்டா?

இனி, வீட்டுக்குள்ளே வருவோம். மனைவிக்கு உடையும், படுக்கையும், குளிர்காலத்துப் போர்வையும் கணவன் வழங்க வேண்டியவை என்று நஃபகா பற்றிய பாடத்தில் நம் சட்டநூல்கள் பட்டியலிடுகின்றன. சமைப்பதும் துவைப்பதும் தைப்பதும் நிக்காஹ் ஒப்பந்தத்தால் மனைவிமேல் விதியாகும் கடமைகளல்ல என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. ஹனஃபீ மத்ஹபினர் இதில் சற்று வேறுபடுவர். அந்நுணுக்கங்களுள் இப்போது புகவில்லை. இந்தச் சட்டத்தை ஓதிய ஆலிம்கள் அனைவரும் அறிவர்; ஜும்ஆ மேடையில் சொன்னவர் மிகச் சிலர். சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது என்று அஞ்சுகிறார்களோ என்னவோ!

இச்சட்டத்தின் ஒளியில் அந்த வங்கப் பெண்ணின் போர்வையை மீண்டும் பாருங்கள். குளிருக்குப் போர்வை தர வேண்டியவன் அவன். அவளோ தன் பழஞ்சேலைகளைக் கொண்டு அவனுக்கும் பிள்ளைகளுக்கும் போர்வை தைத்துவிட்டாள். கேட்டுப் பெறும் உரிமை எவரிடமிருந்ததோ, அவரே கொடுத்தவராகவும் ஆனார். கடனைச் செலுத்தியவருக்கு எவரும் நன்றி சொல்வதில்லை. அன்பளிப்பு தந்தவருக்குச் சொல்லாமலிருக்க முடியாது. அவள் செய்ததை நாம் காலங்காலமாகக் கடனாக எழுதிவைத்துக்கொண்டோம். அதனாற்றான் நன்றி சொல்லும் வழக்கமே நம் வீடுகளில் வேரூன்றாமல் போயிற்று. மறுபுறம், கூலிக்கு உழைத்தவளிடம் போய், அவள் உழைப்பை அன்பளிப்பாக எழுதிக்கொள்கிறோம். இரண்டு இடத்திலும் கணக்குப் பிழை ஒரே பக்கமாகச் சாய்வதைக் கவனியுங்கள். தற்செயலாக நேரும் பிழை இருபுறமும் சாயும் அல்லவா?

கந்தைக்கு எதற்கு நகாசு என்று தொடங்கினோம். அவள் கடனைச் செலுத்துபவளாக இருந்திருந்தால் கிழிசலை இணைத்ததோடு நிறுத்தியிருப்பாள். கடனுக்கு மேல் யாரும் கொடுப்பதில்லை. கொடுப்பதற்கென்றே அமர்ந்தவள் ஆதலால் அளவு பார்க்கவில்லை. கூலிக்குத் தைப்பவளிடமும் இவ்வுள்ளம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. கூலி ஒழுங்காகக் கிடைத்த பிறகு, அதற்கு மேலும் ஓர் இலையையோ மொட்டையோ அவள் தன் விருப்பத்தால் சேர்த்துத் தைக்கக்கூடும். அப்போது அது அவளுடைய அன்பளிப்பு. கூலியைக் குறைத்துக்கொண்டு அந்த மொட்டையும் எதிர்பார்ப்பதுதான் அநியாயம்.

இன்று எந்திரம் அச்சிட்ட காந்தாத் துணி கடைகளில் மலிவாய்க் கிடைக்கிறது. தையலைப்போல் தோற்றமளிக்கும் வெறும் சாயக் கோடுகள். வாங்குவோர் வாங்கட்டும்; அதை ஹராம் என்று சொல்லவா போகிறோம்? அதைக் கைத்தையலென்று சொல்லி விற்பது மட்டும் மோசடி. பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், விடுமுறையில் ஓடுதையலைக் கற்றுக் கொடுக்க விரும்பும் பெற்றோர் உண்டாயின், வீட்டிலேயே ஒரு பழஞ்சேலை இருக்கும். கரையிலிருந்து நூலை உருவும்போது அவசரப்பட்டால் அறுந்துபோகும். ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தால் முழுவதும் வந்துவிடும்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் வங்காளத்தில் திரட்டிய காந்தாக்கள் இப்போது அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றைப் பிற காந்தாக்களோடு சேர்த்துத் தனிக் காட்சியாக வைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னே, வெளிச்சத்தைக் குறைத்து, கை படாமல் காக்கிறார்கள். எந்தச் சேலையின் கரையிலிருந்து எந்தச் சிவப்பு நூல் வந்தது, அந்தச் சேலையை உடுத்தியிருந்தவர் பாட்டியா பெரியம்மாவா என்பதெல்லாம் அந்தக் காந்தாவின் கீழ் உறங்கிய பேரக் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கும். அருங்காட்சியகக் குறிப்புகளில், தைத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெரும்பாலானவற்றுக்குத் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறது.